அம்மாவுக்குப் பதில்

ஜூன் 14, சனி இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் பெரியவள் எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம். நீ நலமா? பள்ளி விடுதியில், அந்தப் புது இடத்தில் தூக்கம் வருகிறதா?

கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. சமையலறையில் விளக்குப் போடாமல், ஜன்னல் வழியாக வரும் தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன். பேனாவை அமுக்கினால் டிக்கென்று சத்தம் வருகிறது, அதனால் பென்சில். அப்பா புரண்டு படுத்தால் கட்டில் கிறீச்சிடும். உடனே தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு தண்ணீர் குடிக்கிற மாதிரி நிற்கிறேன். இதுவரை எழுதி முடிப்பதற்குள் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாயிற்று.

ஏன் இந்தத் திருட்டுத்தனம் என்று கேட்பாய். நீ கிளம்பிய மறுநாள் அப்பா வேலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். பஸ் டிப்போவில் டிரைவர் மாமா ஒருவர் எல்லோர் முன்னாலும், "என்னப்பா கண்டக்டர், வீட்டுக்காரம்மா ஸ்கூலுக்குப் போறாங்களாமே, யூனிஃபார்ம் தைச்சாச்சா?" என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்களாம். அப்பா சாப்பிடவே இல்லை. "இனிமே கடிதம் கிடிதம்னு யாரும் எழுதக் கூடாது. படிக்கப் போனவ படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போனில் ஸ்பீக்கரைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதனால்தான் நான் 'ம்', 'சரி', 'சாப்பிட்டேன்' என்று மட்டும் சொன்னேன். கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே.

நான் எழுதுவது தெரிந்தால் அடிக்க மாட்டார். ஆனால் அந்தக் கோபத்தில் உன்னைத் திரும்ப வரச் சொல்லிவிடுவாரோ என்றுதான் பயமாக இருக்கிறது.

குட்டியை விடப் போனபோது குழந்தைகள் காப்பகத்தில் பொறுப்பாளர் பெரியம்மாவைப் பார்த்தேன். "உங்கம்மா பத்தாவது பாஸ் பண்ணி, அந்தச் சான்றிதழோட வந்தாதான் நான் சாவியைக் குடுத்துட்டு நிம்மதியா வீட்டுல உட்காருவேன். இல்லேன்னா இதை நடத்துற சங்கத்துக்காரங்க பூட்டிடுவாங்க. அத்தனை பிள்ளைங்களும் எங்க போகும்?" என்றார். பன்னிரண்டு வருடமாக நீதான் அங்கே எல்லா வேலையும் செய்தாய். சாவி மட்டும் படித்தவர்களிடம்தான் இருக்க வேண்டுமாம். நீ இல்லாமல் ஆள் போதாததால் இப்போது காப்பகம் மதியம் வரைதான். அத்தை போய்க் குட்டியைக் கூட்டி வருகிறாள்.

குட்டி நாலு வயசுக்கு அதிகமாகவே பேசுகிறது. "அம்மா எந்த கிளாஸ்?" என்று கேட்டது. "என் கிளாஸ்தான்" என்றேன். "அப்போ ஒரே பெஞ்சா?" என்றது.

பதில் வீட்டுக்குப் போடாதே. பள்ளி முகவரிக்கு, எங்கள் வகுப்பு டீச்சர் பெயருக்குப் போடு. அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

முத்தங்களுடன்,
உன் பெரியவள்

~

ஜூன் 27

என் செல்லப் பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. உன் கடிதத்தைத் தலையணைக்குள் வைத்துப் படுத்தேன். பக்கத்துக் கட்டில் தையல்காரி, "என்ன, தலையணை சரசரங்குது, எலியா?" என்று எழுந்துவிட்டாள். ஆமாம், என் வீட்டு எலி என்றேன்.

தப்புத் தப்பாக எழுதுவேன். சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பு. எந்த இடத்தில் சின்ன 'ர', எந்த இடத்தில் பெரிய 'ற' என்பதில் எனக்கு இன்னும் சண்டை தீரவில்லை.

இங்கே எல்லோரும் என்னைப் போலத்தான். பிள்ளை பெற்றவர்கள், பிள்ளைக்குப் பிள்ளை பார்த்தவர்களும் உண்டு. பெஞ்சு சின்னது, நாங்கள் பெரிது. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. டீச்சருக்கு என் மகளாக இருக்கிற வயசு. முதல் நாளே நான் ஏழு தடவை கையைத் தூக்கினேன். எனக்கு 'சந்தேகம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "சந்தேகம் சாப்பிட்டாச்சா?", "சந்தேகம் குளிக்கப் போயிருக்கு" என்றுதான் பேச்சு.

சேர்ந்த அன்று நடந்ததைச் சொன்னால் நீ சிரிப்பாய். ஒரு தாள் கொடுத்தார்கள். 'நீங்கள் இல்லாதபோது வீடு' என்று மேலே போட்டிருந்தது. இடது பக்கம் சமையல், துணி, குழந்தை, நோய் வந்தால் என்று வரிசையாக இருந்தது. வலது பக்கம் 'பதில்' என்று ஒரு கட்டம். நான் என்ன செய்தேன் தெரியுமா? கேள்விக்குப் பதில் கேட்கிறார்கள் என்று நினைத்து, சமையலுக்கு நேரே 'நன்றாகச் செய்வேன்' என்று எழுதினேன். துணிக்கு நேரே 'தினமும்'. குழந்தைக்கு நேரே 'உண்டு, இரண்டு'. அலுவலகத்தில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு! முதல்வர் அம்மாதான், "அது கேள்விக்குப் பதில் இல்லம்மா, உங்களுக்குப் பதில்! நீங்க இல்லாதப்ப யார் செய்வாங்கன்னு எழுதுங்க. இது சரியா இல்லேன்னா பாதியிலயே பெட்டியைத் தூக்கிட்டு ஓடிடுவீங்க, எத்தனை பேரைப் பார்த்திருக்கோம்" என்றார். எல்லாவற்றையும் அடித்துவிட்டு எல்லாக் கட்டத்திலும் 'நாத்தனார்' என்று எழுதினேன். அத்தையிடம் அதிகம் பேச்சுக் கொடுக்காதே. அவள் இருப்பதால்தான் நான் இங்கே இருக்கிறேன்.

அப்பாவின் மேல் வருத்தப்படாதே. கையெழுத்துப் போட்டு அனுப்பியவர் அவர்தான். பத்துப் பேர் சிரித்தால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும்.

ஒரு சந்தேகம். சமன்பாட்டில் இந்தப் பக்கம் கூட்டலாக இருப்பது அந்தப் பக்கம் போனதும் ஏன் கழித்தலாகிறது? டீச்சர் "அது அப்படித்தான்" என்கிறார். கல்யாணமாகிப் போன பெண்ணைச் சொல்வது மாதிரி இருக்கிறது. நீ சொல்லு.

குட்டிக்கு இரண்டு கன்னத்திலும் என் முத்தம்.

அம்மா

~

ஜூலை 12, இரவு

அன்புள்ள சந்தேகத்துக்கு,

சிவப்பு வட்டங்கள் இத்துடன். மொத்தம் ஒன்பதுதான். குறைவுதான், நிஜமாக.

உன் கேள்விக்குப் பதில்: எதுவும் அந்தப் பக்கம் போவதில்லை அம்மா. தராசு மாதிரி நினைத்துக்கொள். இந்தத் தட்டில் ஐந்தை எடுத்தால் அந்தத் தட்டிலும் ஐந்தை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சாய்ந்துவிடும். நாம் எடுத்ததைத்தான் கழித்தல் என்று எழுதுகிறோம். உன் டீச்சரிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே.

நீயும் நானும் ஒரே பாடம், ஒரே தேர்வு என்று டீச்சரிடம் சொன்னேன். அவர் வகுப்பில் சொல்லிவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சட்டையைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து உட்காரவும் தோன்றியது. என் பெஞ்சுக்காரி கேட்கிறாள், "யாருடி முதல் மார்க், நீயா உங்கம்மாவா?" பந்தயம் கட்டலாமா? தோற்றவர் ஒரு மாதம் பாத்திரம் தேய்க்க வேண்டும்.

அப்பா இருமுகிறார். நிறுத்துகிறேன்.

உன் பெரியவள்

~

ஆகஸ்ட் 20, இரவு
(இதை அனுப்பப் போவதில்லை)

அம்மா,

அத்தை போய்விட்டாள். அவள் மருமகளுக்குப் பிரசவம். வெள்ளிக்கிழமை போன் வந்தது, சனிக்கிழமை பெட்டியைக் கட்டிவிட்டாள். "என் வீட்டுப் பிள்ளையை விட்டுட்டு உங்கம்மா படிப்பை நான் தாங்கணுமா? நீயே சொல்லுடி நியாயத்தை" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு அழுகையாக வந்தது. அவளைத் திட்டக்கூட முடியவில்லை.

அப்பா இரண்டு நாள் லீவு போட்டார். மூன்றாவது நாள், "பெரியவளே, ஆள் கிடைக்கிற வரைக்கும்தான். ரெண்டு வாரம். மத்தியானம் குட்டியைக் கூட்டிட்டு வர ஒருத்தர் வேணுமில்ல? ஸ்கூல் எங்க போயிடப் போகுது, அங்கதானே இருக்கும்" என்றார். குரலை உயர்த்தவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. டிக்கெட் பையில் சில்லறையைத் துழாவிக்கொண்டே சொன்னார்.

நாளையோடு இரண்டு வாரம். ஆள் தேடுவதாகத் தெரியவில்லை.

சோறு அடிப்பிடிக்காமல் வைக்கக் கற்றுக்கொண்டேன். குட்டிக்குத் தலை பின்னினால் ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. பெஞ்சுக்காரி சாயங்காலம் வந்து அன்றைய பாடத்தைச் சொல்கிறாள். ஆனால் அவளுக்கே புரியாததை எனக்கு எப்படிச் சொல்வாள்? "உன் இடம் காலியாத்தான் இருக்கு, நாங்க எங்க டிபன் பையை வச்சிருக்கோம்" என்று ஆறுதல் சொன்னாள்.

உனக்குப் பதில் அத்தை. அத்தைக்குப் பதில் நான். எனக்குப் பதில் டிபன் பை.

வந்துவிடு அம்மா. ஒரே ஒரு வாரம். இல்லை, ஒரு நாள். இல்லை, வராதே. நீ வந்தால் உன்னை அப்பா திரும்ப அனுப்ப மாட்டார். ஏன் எழுதுகிறேன் என்றே தெரியவில்லை. இதைக் கிழித்து அடுப்பில் போடப் போகிறேன்.

~

ஆகஸ்ட் 21, இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தையும் நலம். குட்டி நன்றாகச் சாப்பிடுகிறது. நான் நன்றாகப் படிக்கிறேன். வீட்டுப்பாடம் நிறைய இருப்பதால் நீளமாக எழுத முடியவில்லை. தவறாக நினைக்காதே.

இனி உன் கடிதத்தை டீச்சரிடமிருந்து பெஞ்சுக்காரி வாங்கித் தருவாள். டீச்சருக்கு நிறைய வேலை.

உன் பெரியவள்

~

அக்டோபர் 3

என் பெரியவளுக்கு,

காலாண்டுத் தேர்வு முடிந்தது. கணக்கில் அறுபத்தொன்று! தையல்காரி என்னைத் தூக்கப் பார்த்து இருவரும் கட்டிலில் விழுந்தோம். ராத்திரி எல்லோரும் சேர்ந்து பாட்டுப் பாடி, காப்பாளர் வந்து விளக்கை அணைத்தார். அறுபத்தொன்று வாங்கியது உன் தராசால்தான்.

எனக்கு இங்கே சந்தோஷமாக இருக்கிறது பெரியவளே. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். காலையில் கண் விழித்ததும் யாருக்கு என்ன வேண்டும் என்று ஓடாமல், நான் இன்றைக்கு என்ன படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அப்படி நினைத்த உடனேயே உங்கள் மூன்று பேரின் முகமும் வந்துவிடுகிறது. குற்றம் செய்த மாதிரி இருக்கிறது. ஆனாலும் மறுநாள் அதே மாதிரிதான் விழிக்கிறேன்.

உன் கடிதங்கள் ஏன் இப்படிச் சிறுத்துப் போயின? மூன்று கடிதமாக எனக்குச் சிவப்பு வட்டமும் இல்லை. நான் தப்பே செய்யவில்லையா?

முக்கோணத்தில் ஒரு கோணமும் தூரமும் தெரிந்தால் மரத்தின் உயரத்தைக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே, அதில் எந்தப் பக்கத்தை எதனால் வகுப்பது என்று எனக்குக் குழம்புகிறது. எழுது.

அம்மா

~

அக்டோபர் 15, இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

அறுபத்தொன்றுக்கு நூறு முத்தம். பந்தயத்தில் நான் தோற்றுவிடுவேன் போலிருக்கிறது.

நீ கேட்ட பாடம் எங்களுக்கு இன்னும் நடத்தவில்லை. நடத்தியதும் எழுதுகிறேன்.

குட்டி இப்போது என் மேல் காலைப் போட்டால்தான் தூங்குகிறது. நேற்றுத் தூக்கத்தில் என்னை "அம்மா" என்று கூப்பிட்டது. நான் "ம்" என்றேன். எழுப்பி, 'நான் அக்கா' என்று சொன்னால் அழும். அதனால்தான்.

உன் பெரியவள்

~

நவம்பர் 6

பெரியவளே,

எங்களுக்கு நடத்தி முடித்து மாதிரித் தேர்வும் வைத்துவிட்டார்கள், உங்களுக்கு இன்னுமா என்று யோசித்தேன். நீ பாடத்தில் பின்தங்குகிற பிள்ளை இல்லை. உன் டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நேற்றுப் பதில் வந்தது.

ஆகஸ்டிலிருந்து நீ பள்ளிக்குப் போகவில்லை.

இரண்டு தடவை டீச்சர் வீட்டுக்கு வந்தாராமே? 'அம்மாவுக்குச் சொல்லாதீங்க டீச்சர், அவங்க தேர்வு முடியட்டும்' என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாயாமே? அத்தை நலம், அத்தை நலம் என்று எத்தனை கடிதம் எழுதினாய்! நான் ஒவ்வொன்றையும் படித்து, அப்பாடா என்று சிரித்துக்கொண்டு பாட்டுப் பாடியிருக்கிறேன்.

இந்த மாதக் கடைசிக்குள் நீ திரும்பி வந்தால் தேர்வுக்கு உன் பெயரை அனுப்பிவிடுவதாக டீச்சர் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு இந்த வருடம் முடியாதாம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லிக் கேட்டேன். "ரெண்டு பேரும் படிச்சா வீட்டை யார் பார்க்கிறது, என் பஸ்ஸா? நீ வா, அவ போகட்டும். அவ்வளவுதானே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இங்கிருந்து ஒரு வாரத்துக்கு மேல் போனால் என் இடத்தை வரிசையில் காத்திருக்கிற அடுத்த பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார்கள். அது போகட்டும். நீ சொல்லு. நான் வரவா?

உடனே எழுது.

அம்மா

~

நவம்பர் 12, இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ வராதே.

நான் நன்றாகவே இருக்கிறேன். இப்போது தலை பின்னினால் இரண்டு பக்கமும் ஒரே உயரம். அப்பா நேற்று ரசத்தைக் குடித்துவிட்டு, "உங்கம்மா வச்ச மாதிரியே இருக்கு" என்றார். மதியம் குட்டி தூங்கும்போது நான் புத்தகம் படிக்கிறேன். எனக்கு அடுத்த வருடம் இருக்கிறது. உனக்கு அடுத்த வருடம் கிடையாது. வருகிற ஜூனோடு பெரியம்மா போய்விடுவார். நீ சான்றிதழோடு வராவிட்டால் காப்பகத்தைப் பூட்டிவிடுவார்கள், பிறகு குட்டியும் எங்கே போகும்? நீ வராதே அம்மா.

பந்தயத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைக்கலாம். நீ அறுபத்தொன்று வாங்கியதை நான் தெருவெல்லாம் சொல்லியிருக்கிறேன். இப்போது வந்தால் எனக்குத்தான் அவமானம். வராதே.

தினமும் காலையில் அன்றைய அட்டவணைப்படி பையில் புத்தகத்தை அடுக்கி வைக்கிறேன். சும்மாதான். பழக்கம் விட்டுப் போகக் கூடாது அல்லவா? சீருடையையும் துவைத்து இஸ்திரி போட்டு வைத்தேன். அதுவும் சும்மாதான். உயரமாகிவிட்டேனா என்று போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் குட்டையாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த வருடம் ஓட்டிவிடலாம்.

எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. வராதே.

உன் பெரியவள்

~

நவம்பர் 24

என் தங்கமே,

உன் கடிதம் வரும்போது நான் பையைக் கட்டி வைத்திருந்தேன். தையல்காரி அழுதுகொண்டே என் துணிகளை மடித்துக் கொடுத்தாள். கட்டிலில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தேன். வராதே, வராதே என்று நாலு இடத்தில் எழுதியிருந்தாய். எண்ணிப் பார்த்தேன்.

என் பெரியவளுக்கு எவ்வளவு தெளிவு! நான் வந்தால் நீ பள்ளிக்குப் போவாய், சரி. ஆனால் சாவி போய்விடும், காப்பகம் போய்விடும், நான் மறுபடி யார் வீட்டிலாவது தரை துடைப்பேன். நாளைக்கு உன்னை மேலே படிக்க வைக்க என் கையில் என்ன இருக்கும்? நான் முடித்துவிட்டு வந்தால் உன்னை யாரும் நிறுத்த முடியாது. ராத்திரி முழுக்க இப்படியே முன்னும் பின்னும் போட்டுப் பார்த்தேன். கடைசியில் நீ சொன்னதுதான் சரி என்று தோன்றியது. பையை அவிழ்த்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாயிலிருந்தாவது நீ கேட்கக் கூடாது. அத்தை போய்விட்டது இங்கே தெரிந்துவிட்டது. முதல்வர் அம்மா புதுத் தாள் கொடுத்தார். அதே தாள், அதே கட்டம். இதில் ஒரு பிரதி எங்கள் காப்பகத்துச் சங்கத்துக்கும் போகும், அவர்கள்தானே என்னை அனுப்பியவர்கள். பள்ளி வயதுப் பிள்ளையின் பெயரைப் போடக் கூடாது என்று அடியில் அச்சடித்திருந்தது. எல்லாக் கட்டத்திலும் 'மகள்' என்று எழுதினேன். வயது கேட்ட இடத்தில் பதினெட்டு என்று எழுதினேன்.

நாலு மாதம்தான். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுது, பரவாயில்லை. ஆனால் எழுது.

அம்மா

~

டிசம்பர் 2, இரவு

அம்மா,

வராதே என்று நான்தான் எழுதினேன். நீ வரவில்லை. உன் மேல் ஒரு தப்பும் இல்லை.

ஆனாலும் சொல்கிறேன். போன ஒரு வாரமும் வாசல் கதவு கிறீச்சிட்டபோதெல்லாம் ஓடிப் போய்ப் பார்த்தேன். ஒரு தடவை கேஸ்காரர். ஒரு தடவை பக்கத்து வீட்டு மாமி. மாதத்தின் கடைசிப் பள்ளி நாளன்று காலையில் சீருடையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குட்டி, "அக்கா ஸ்கூல் போறியா?" என்றது. "ஆமா, அம்மா பஸ்ல வந்துக்கிட்டே இருக்காங்க, வந்ததும் போவேன்" என்றேன். அது வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டது. பத்து மணிக்கு அப்பா மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுக்க வந்தார். என்னைப் பார்த்தார். சாப்பாட்டை எடுக்காமலே போய்விட்டார். பிறகு நான் சீருடையைக் கழற்றிவிட்டு உலை வைத்தேன்.

சின்ன வயசில் எனக்கு வயிற்று வலி என்றால், 'வலிக்கலம்மா' என்றுதான் சொல்வேன். நீ உடனே மடியில் போட்டுக்கொள்வாய். எப்படித் தெரியும் என்று கேட்டால், 'உன் மூஞ்சியே சொல்லுது' என்பாய். அப்போது உனக்குப் பஸ் பலகையையே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இப்போது கடிதத்தை நன்றாகப் படிக்கிறாய். நான் எழுதியதை அப்படியே, ஒரு எழுத்து விடாமல், எண்ணிக்கூடப் படித்திருக்கிறாய்.

எனக்குப் பதினைந்து வயசு, அம்மா. ஏப்ரலில்தான் முடிந்தது.

இனிமேல் ராத்திரி எழுத முடியாது. காலையில் சீக்கிரம் எழ வேண்டியிருக்கிறது. நீ எழுதினால் பெஞ்சுக்காரியிடம் இருக்கும்.

பெரியவள்

~

மே 28

என் உயிரான பெரியவளுக்கு,

டிசம்பரிலிருந்து இது எத்தனையாவது கடிதம் என்று எனக்கே தெரியவில்லை. ஒன்றுக்காவது பதில் போடக் கூடாதா? ஞாயிற்றுக்கிழமைகளில் "அக்கா துணி காயப் போடுறா" என்று குட்டிதான் சொல்கிறது. ஒவ்வொரு ஞாயிறுமா துணி காயப் போடுவாய்?

முடிவு வந்துவிட்டது. பாஸ். கணக்கில் எழுபத்திரண்டு. பலகையில் என் எண்ணைப் பார்த்ததும் எல்லோரும் கத்தினார்கள். நான் கத்தவில்லை. பக்கத்தில் உன் எண்ணும் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

முடிந்ததும் உடனே ஓடி வர நினைத்தேன். குழந்தைப் பராமரிப்புப் பயிற்சியை முடித்தால்தான் சான்றிதழ் என்று பிடித்து வைத்துவிட்டார்கள். அதுவும் முடிந்தது. சான்றிதழை வாங்கிக்கொண்டு ஜூன் 13, சனிக்கிழமை கிளம்புகிறேன், ஞாயிறு காலை வந்துவிடுவேன். திங்கட்கிழமை முதல் வேலையாக உன்னை உன் டீச்சரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதே. வந்ததும் உன் முகத்தைப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். பார்க்க மட்டும் விடு.

உன் அம்மா

~

ஜூன் 4, பகல்

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அங்கு உன் நலம் அறிய ஆவல்.

அப்பா எழுதச் சொன்னார். பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். டிப்போவில் இனிப்புக் கொடுத்தாராம். அந்த டிரைவர் மாமாவே இரண்டு எடுத்துக்கொண்டாராம். "உங்கம்மாகிட்ட வீடு நல்லா ஓடுதுன்னு எழுது" என்கிறார். எழுதிவிட்டேன்.

எழுபத்திரண்டுக்கு வாழ்த்துகள். உன் கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை.

போன புதன்கிழமை காப்பகப் பெரியம்மாவும் சங்கத்துச் செயலாளர் ஐயாவும் வீட்டுக்கு வந்தார்கள். நீ பொறுப்புக்கு வந்துவிட்டால், இத்தனை வருடம் நீ பார்த்த உதவியாளர் இடம் காலியாகிறதாம். அதற்கும் ஆள் வைத்துவிட்டால்தான் பழையபடி சாயங்காலம் வரை திறக்க முடியுமாம். செயலாளர் ஐயா ஒரு தாளைப் பார்த்துவிட்டு, "உங்க பொண்ணுக்குத்தான் பதினெட்டு ஆச்சே, வீட்டையே தனியா பார்த்திருக்கா. இதைவிடப் பொருத்தமான ஆள் எங்க கிடைக்கும்? காப்பகமும் நிக்காம ஓடும்" என்றார். அப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். பெரியம்மா என்னைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நானும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பதினாறுதான் என்று சொல்லியிருந்தால், அந்தத் தாளில் பொய் எழுதியவர் யார் என்று கேட்டிருப்பார். பிறகு உன்னிடம் சாவி கொடுக்க மாட்டார்கள்.

அதனால் திங்கட்கிழமை டீச்சரிடம் போக வேண்டாம். வேலை அன்றைக்கே ஆரம்பம். காலை ஏழரைக்கு நான் போய்த் தரையைத் துடைத்து, பாய் விரித்து வைத்துவிடுவேன். நீ எட்டு மணிக்கு வந்தால் போதும், பொறுப்பாளருக்கு அதுதான் நேரமாம். குட்டிக்கு ஒரே குதி, இனிமேல் அம்மா, அக்கா இரண்டு பேரும் நாள் முழுக்கக் கூடவே இருப்பார்கள் என்று.

அங்கே உன்னை அம்மா என்று கூப்பிடக் கூடாது என்று பெரியம்மா சொல்லியிருக்கிறார். மற்றப் பிள்ளைகள் ஏங்கிவிடுமாம். குட்டிக்குச் சொல்லிப் பார்த்தேன், அது கேட்காது. சின்னப் பிள்ளை, விட்டுவிடலாம்.

நான் 'மேடம்' என்றே கூப்பிடுகிறேன். இரண்டு நாளாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
மகள்